பூங்காவனம் நின்ன வாய்

அந்த செல்போன கொஞ்சம் உள்ள வைங்க சார். கேட்டது நீங்கதானே? "மழை ஓயப் போவுது, இன்னும் பலகை போட்டு அடைக்காம இருக்கீங்களே, தண்ணியெல்லாம் வீணா போவுதே"ன்னு கேட்டீங்க இல்ல? வீணான்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்த வெத்தலைத் தட்டக் கீழ வச்சிட்டு உங்ககிட்ட நிக்கறேன். இல்லன்னா எனக்கு வேலை இருக்குது. மேல்நொச்சிக்காரங்க மேளத்தோட வந்துகினு இருக்காங்க. அவங்க கரை ஏறி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். அந்தப் புது அடுக்குமாடிக்காரங்க அத்தினி பேரும் கிட்ட வாங்க. குடைய மடக்குங்க. இது தூறல்தான், கரைஞ்சிட மாட்டீங்க.

உங்க கட்டடம் இல்லாத காலம். இந்த ரோடு இல்லாத காலம். பட்டணத்துக்குப் போவணும்னா கட்டுச்சோறு கட்டிக்கினு மாட்டு வண்டியில போன காலம். அப்ப மேல்நொச்சின்னு ஒரு ஊரு, கீழ்நொச்சின்னு ஒரு ஊரு. மேல பெரியேரி, கீழ சித்தேரி, நடுவுல இந்தக் கலங்கல். தோ, வரிசையா கல்லு நட்டு வச்சிருக்குது பாருங்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல தண்ணி பாயுது பாருங்க. அந்த ஒவ்வொரு சந்துக்கும் வாயின்னு பேரு. பெரியேரி ரொம்பினா மிச்சத் தண்ணி இந்த வாய் வழியா வழிஞ்சு, கால்வாயில எறங்கி, சித்தேரிக்குப் போவும். அதத்தான் ஏரி கோடி போவுதுன்னு சொல்லுவோம்.

நம்ம பக்கத்து மழை எப்படின்னு நீங்களே பாத்திருப்பீங்க. ஆடி ஆவணியில சாயங்காலமா இடிச்சிட்டு, தெருவ நனைச்சிட்டுப் போயிடும். அது செடி கொடிக்கு ஆவும், ஏரிக்கு ஆவாது. ஐப்பசி கார்த்திகையில கடல்லருந்து கெளம்பி வருது பாருங்க, அதுதான் மழை. அது நாலு நாளு கொட்டற கொட்டுலதான் வருஷம் முச்சூடும் நாம குடிக்கணும். புடிச்சா நம்முது, வுட்டா கடலுது. போன மாசம் உங்க வாசல்ல காரு மெதந்துச்சு. வர்ற சித்திரையில அதே வாசல்ல லாரிக்காரன் ஆரன் அடிச்சா கொடத்த எடுத்துகினு ஓடுவீங்க. சிரிக்காதீங்க, நானும்தான் ஓடுவேன். மழை பேயறது வேற, ஏரி ரொம்பறது வேற.

சித்தேரிக்குன்னு தனியா ஓடை கெடயாது, காடு மேடு கெடயாது. அது தலையில பேயற மழை அதுக்கு அடி நனைக்கத்தான் பத்தும். மேல ரொம்பி கீழ வந்தாத்தான் உண்டு. மேல பெரியேரி, கீழ சித்தேரி. இத மனசுல வச்சிக்கோங்க.

கீழ்நொச்சியில பூங்காவனம்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கு அவதான் வேரு. பொறந்தது மேல்நொச்சியில, வாக்கப்பட்டது கீழ்நொச்சியில கோதண்டம்னு ஒருத்தருக்கு. பொறந்த வூட்டுக்கும் புகுந்த வூட்டுக்கும் நடுவுல இந்தக் கரைதான். நல்ல ஒசரமா இருப்பாளாம். கோவம் வந்துட்டா சத்தம் போட மாட்டாளாம், மூக்குத்தி மட்டும் ஆடுமாம். மூக்குத்தி ஆடுச்சின்னா கோதண்டம் மாட்ட அவுத்துகினு கொல்லைக்குப் போயிடுவாராம். அத்தினி பயம்.

அவளோட அண்ணன் ஏகாம்பரம். மேல்நொச்சிக்குப் பெரியதனம். ஊருல அவரு சொன்னா சொன்னதுதான். தங்கச்சின்னா உசுராம் அவருக்கு. தீபாவளின்னா தீபாவளிக்கு, பொங்கல்னா பொங்கலுக்கு வண்டி கட்டி சீரு கொண்டாந்து எறக்குவாராம். அவரு கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா மேல்நொச்சிக்காரங்க இங்கியே என்ன மொறைப்பாங்க. கெட்டவரு இல்ல. ஆனா பேராசை நல்லவங்கள வுட்டு வைக்குதா?

ஒரு வருஷம் மழை கொறைஞ்சி போச்சாம். அடுத்த வருஷமும் கொறைஞ்சி போச்சாம். ஏகாம்பரம் கரைமேல நின்னு யோசன பண்ணாராம். "கோடி போற தண்ணியையும் புடிச்சி வச்சா இன்னொரு போகம் நடலாமே"ன்னு. வழக்கம் இன்னான்னா, மழைக்காலத்துல வாய் தொறந்தே இருக்கணும். மழை ஓஞ்சப்புறம்தான் பலகை போட்டு அடைக்கணும். இவரு இன்னா பண்ணாரு? மழைக்கு முன்னாலியே அடைச்சாரு. பலகை போட்டு இல்ல. பனந்துண்டு போட்டு, களிமண்ணு போட்டு, மிதிச்சி, அடிச்சி, ஆள் ஒசரத்துக்கு அடைச்சாராம். ஒரு வாய் பாக்கி இல்ல.

அந்த ஐப்பசியில மழை வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு. பெரியேரி ஏறுச்சு. கலங்கல் மட்டத்துக்கு ஏறுச்சு, அதத் தாண்டியும் ஏறுச்சு. இந்தாண்ட ஒரு சொட்டு வரல. கீழ்நொச்சியில நாத்து வெளுத்துப் போச்சாம். சித்தேரியில ஆடு நின்னு மேயுதாம். குடிக்கற தண்ணிக்கு ஏரி நடுவுல ஊத்து தோண்டி, கொட்டாங்கச்சியால மொண்டாங்களாம். வானத்துலருந்து மழை பேயுது, கீழ ஊத்துத் தோண்டறாங்க. இந்த அநியாயத்த எங்கன்னா கேட்டிருக்கீங்களா? ஊருல சில பேரு சட்டி பானையக் கட்ட ஆரம்பிச்சிட்டாங்களாம், எங்கன்னா பொழைக்கப் போலாம்னு.

அப்ப தீபாவளி வந்துச்சாம்.

ஏகாம்பரம் வண்டி கட்டிகினு வந்தாராம். பட்டுப் பொடவை, அரிசி மூட்டை, வெல்லம், வாழத்தாரு, எண்ணெய். வண்டி வூட்டு வாசல்ல நிக்குது. ஊரே பாக்குது. பூங்காவனம் வெளிய வந்தா.

"வா அண்ணா."

"வந்தேம்மா. எறக்கிக்க."

"அரிசி கொண்டாந்தியே, ஒலை வைக்கத் தண்ணி கொண்டாந்தியா?"

ஏகாம்பரம் சிரிச்சாராம். "இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா..."

"எண்ணெய் கொண்டாந்தியே, தேச்சிகினு எங்க தலை முழுவறது? உன் ஊரு ஏரி கடலாட்டம் நிக்குது. என் ஊரு ஏரியில ஆடு மேயுது. வாயத் தொற அண்ணா."

"அது ஊரு முடிவும்மா. என் ஏரியில வுழுந்த மழைய நான் புடிச்சி வச்சிக்கறேன். உன் ஏரியில வுழுந்தத நீ புடிச்சிக்க. யாரு வேணாம்னா?"

"வானம் இன்னா உன் வூட்டுக் கூரையா? உன் பக்கம் வழிஞ்சா உன்னுது, என் பக்கம் வழிஞ்சா என்னுதுன்றதுக்கு?"

மூக்குத்தி ஆடுச்சாம்.

கோதண்டம் மெதுவாக் கூப்பிட்டாராம், "இந்தாம்மே, மச்சான் வாசல்ல நிக்கறாரு, உள்ள கூப்புடு."

அவ காதுல வாங்கல. பொடவைய எடுத்து அரிசி மூட்டை மேல வச்சா. வெல்லத்த எடுத்து வச்சா. மாட்டு மூக்கணாங்கயித்தப் புடிச்சி வண்டியத் திருப்பி நிறுத்துனா. பொறந்த வூட்டு சீரத் திருப்பி அனுப்பறதுன்னா உங்களுக்குப் புரியாது. அண்ணன் செத்துட்டான்னு சொல்றதுக்கு சமம். ஊரே கை வச்சி வாயப் பொத்திக்கிச்சாம்.

"எனக்கு ஒரே ஒரு சீருதான் வேணும். பெரியேரி மிச்சத் தண்ணி. அது எனக்கு நம்ம நைனா குடுத்தது, அவுங்க நைனா அவுங்க தங்கச்சிக்குக் குடுத்தது. நீ யாரு நிறுத்தறதுக்கு? அத அனுப்பு, அப்புறம் நீ வா. அது வரைக்கும் எனக்கு அண்ணன் இல்ல."

ஏகாம்பரம் மூஞ்சி சுண்டிப் போச்சாம். "போடி போ, தண்ணி வராது"ன்னு சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டாராம்.

கார்த்திகை பொறந்துச்சு. புயல் வந்துச்சு. அது சாதாரண மழை இல்லியாம். காத்து பனமரத்தத் தரையோட வளைக்குதாம். வானம் தொறந்துகினு கொட்டுதாம். பெரியேரி ஏறுது. ஏறுது. ஏறுது. களிமண்ணு அடைப்போட உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. மேல்நொச்சிக்காரங்க இன்னா பண்ணணும்? அடைப்ப எடுக்கணும். எடுத்தாங்களா? கூடை கூடையா மண்ணக் கொட்டி அடைப்ப இன்னும் ஒசத்தறாங்களாம்! தண்ணிய நெறைய வச்சிருக்கறவனுக்கு இன்னும் வேணும்னுதான் தோணும், போதும்னு தோணவே தோணாது.

பூங்காவனம் விடியக்காலையில எழுந்திரிச்சா. பொடவைய இழுத்து சொருவுனா. கோதண்டத்தோட மம்பட்டிய எடுத்து தோள்ல போட்டா.

"எங்கம்மே போற, இந்த மழையில?"

"சீரு வாங்கறதுக்குப் போறேன்."

கோதண்டம் மாட்ட அவுக்கல அன்னிக்கு. கடப்பாரைய எடுத்துகினு பின்னாலியே போனாராம். அதுக்காகவே அந்த மனுஷனுக்கு ஒரு கும்புடு போடணும்.

கால்வாய்ப் பக்கமா, கீழருந்து ஏறி, நடு வாய்க்கு வந்தாங்க. தோ, மஞ்சள் பூசி வச்சிருக்குது பாருங்க ரெண்டு கல்லு, அந்த வாய். அவ மம்பட்டியால வெட்டறா, அவரு கடப்பாரையால நெம்பறாரு. களிமண்ணு சரிஞ்சிது. பனந்துண்டு கழண்டுது. தண்ணி வந்துச்சு! மொதல்ல பாம்பாட்டம் ஒரு கோடு வந்துச்சாம். அப்புறம் மொழங்கால். அப்புறம் இடுப்பு. கோதண்டம் கரையேறிட்டாரு. அவ ஏறல. முந்தானைய அவுத்து அந்தக் கல்லுல சுத்திக் கட்டுனா. முதுக ஒரு கல்லுல வச்சா, காலை எதுத்த கல்லுல வச்சி ஊணிகினா. நின்னா.

மேலருந்து பாத்துட்டாங்க. "வாய் ஒடைஞ்சிடுச்சி, வாய் ஒடைஞ்சிடுச்சி"ன்னு மண்ணுக்கூடையோட ஓடியாந்தாங்க மேல்நொச்சி ஆம்பளைங்க. வந்து பாத்தா உள்ள ஒரு பொம்பள நிக்கறா. அதுவும் யாரு? பெரியதனம் தங்கச்சி. அவங்க ஊருல பொறந்த பொண்ணு.

"ஏம்மா பூங்காவனம், ஏறி வா, தண்ணி இழுத்துகினு போயிடும்."

"ஏற மாட்டேன்."

"வாய அடைக்கணும்மா."

"அடை. யாரு வேணாம்னா? மண்ணக் கொட்டு. என் மேல கொட்டு."

எவன் கொட்டுவான்? மண்ணு போடறதுன்னா இன்னா அர்த்தம்? சுடுகாட்டுல போடறது. பொறந்த பொண்ணு மேல, உசுரோட, சொந்த ஊருக்காரனே மண்ணு போடறதா? ஒருத்தன் அவளுக்கு சித்தப்பன் மொறை. ஒருத்தன் அண்ணன் மொறை. ஒருத்தன அவ சின்ன வயசுல இடுப்புல தூக்கிகினு திரிஞ்சவ. பேரு சொல்லிக் கூப்பிட்டாளாம் ஒவ்வொருத்தனையும். "கொட்றா கன்னியப்பா. கொட்டுங்க சித்தப்பா, இன்னா பாக்கறீங்க?" கூடை அப்படியே நிக்குது தலைமேல. மழையில மண்ணு கரைஞ்சி அவனுங்க மூஞ்சியிலியே வழியுதாம்.

அப்ப ஏகாம்பரம் வந்தாரு. "தள்ளுங்கடா"ன்னு ஒரு கூடைய வாங்குனாரு. வாய் மேட்டுல வந்து நின்னாரு. கீழ தங்கச்சி, மேல அண்ணன். மேல பெரியேரி, கீழ சித்தேரி.

"ஏறி வா பூங்காவனம். ஊரு முன்னால என் மானத்த வாங்காத."

"நீ என் ஊரு உசுர வாங்கறியே."

"கொட்டிடுவேன்."

"கொட்டு. உன் கையால கொட்டு. நீ கொட்டுன மண்ணுலியே என்னப் பொதச்சிட்டு, அப்படியே வாயையும் அடைச்சிக்க. ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சிடும்."

கரையில அவரு பொஞ்சாதி மரகதம் நின்னுகினு இருந்தாளாம். அவ கத்துனாளாம், "போடுய்யா! போட்டுட்டு அந்தக் கையோட வூட்டுக்கு மட்டும் வந்துடாத. அந்தக் கையால தொட்ட சோத்த நான் துன்ன மாட்டேன்!" நாத்தனாருக்காக அண்ணி பரிஞ்சி பேசுன கதை வேற எங்கன்னா இருந்தா சொல்லுங்க.

அந்த நேரத்துல கெழக்கால ஒரு சத்தம். "ஆலமரத்தண்ட கரை ஊறுது! கரை ஊறுது!" எல்லாரும் திரும்பறாங்க. கரையோட இந்தாண்ட மண்ணு நெகிழ்ந்து தண்ணி கசியுது. கரை ஒடைஞ்சா மேல்நொச்சியும் இல்ல, கீழ்நொச்சியும் இல்ல. பூசாரி ஒருத்தன் கையத் தூக்கிகினு ஆடறான், "ஏரி பலி கேக்குது! ஏரி பலி கேக்குது!" எல்லாக் கண்ணும் எங்க போச்சி? வாயில நிக்கற பூங்காவனத்து மேல போச்சி.

அவ வுட்டா பாருங்க ஒரு சத்தம். அது வரைக்கும் சத்தமே போடாதவ.

"பலி கேக்கலடா, வழி கேக்குது! வழிய அடைச்சிட்டு பலி குடுக்கறீங்களா? வாயத் தொறங்கடா!"

கன்னியப்பன் தலையில இருந்த கூடையத் தூக்கிப் போட்டான். ஓடிப் போயி பக்கத்து வாயில எறங்கி, கையாலியே களிமண்ணப் பறிச்சான். சித்தப்பன் எறங்குனாரு. ஒருத்தன் எறங்குனான், எல்லாரும் எறங்குனாங்க. பெரியதனம் சொல்லல. பெரியதனம் சொல்லாம மேல்நொச்சியில நடந்த மொத வேலை அதுதானாம். ஒவ்வொரு வாயா தொறக்குது. தண்ணி பாயுது. ஏரி மட்டம் எறங்குது. ஆலமரத்தண்ட ஊறுனது நின்னு போச்சி.

ஏகாம்பரம் ஒருத்தருதான் கூடையோட நிக்கறாரு. கூடையக் கீழ வச்சாரு. குனிஞ்சாரு. கைய நீட்டுனாரு.

"கையப் புடி பூங்காவனம்."

இப்ப வாயப் பொளந்துகினு கேக்கறீங்க இல்ல, எனக்குத் தெரியும் நீங்க இன்னா நெனைக்கறீங்கன்னு. அவ கையப் புடிக்கல, தண்ணியோட போயிட்டா, அப்புறம் கனவுல வந்து கோயில் கட்டச் சொன்னா, அதான? அவ சாகல! ஏன் சாவணும்? செத்திருந்தா ஒரு செலைய வச்சி, வருஷத்துக்கு ஒரு கற்பூரம் கொளுத்திட்டு, வாய அடைச்சிட்டுப் போயிருப்பாங்க. உசுரோட இருந்ததாலதான் வருஷா வருஷம் வந்து கேட்டா. கேட்டதாலதான் தண்ணி வந்துச்சு.

கையப் புடிக்கல, அது நெசம். "கைய அப்புறம் குடு. மொதல்ல வார்த்தையக் குடு"ன்னா.

"இன்னா வார்த்தை?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் இந்த வாயில பலகை வுழக் கூடாது. நீ சொல்லக் கூடாது போதும்னு. உன் ஊரு சொல்லக் கூடாது. தண்ணி வாங்கறவ சொல்லணும். எனக்கப்புறம் என் ஊருப் பொம்பள சொல்லுவா. சத்தமா சொல்லு, ஊரு கேக்கணும்."

மழை கொட்டுது. மூக்குத்தி ஆடுது. ஏகாம்பரம் ஊரு முன்னால சொன்னாராம். "இந்தத் தண்ணி என் தங்கச்சிக்குப் பொறந்த வூட்டு சீரு. அவ போதும்னு சொல்ற வரைக்கும் அடைக்க மாட்டேன்." சொல்லிட்டுக் கொழந்தையாட்டம் அழுதாராம். அப்புறம்தான் அவ கைய நீட்டுனா. ஏறி வந்து இன்னா கேட்டாளாம் தெரியுமா? "தீபாவளிப் பொடவை எங்க? வச்சிருக்கியா, அண்ணிக்குக் குடுத்துட்டியா?"

சித்தேரி ரொம்புச்சு. ரொம்பி, அதுவும் கோடி போச்சு. மூட்டை கட்டுனவங்க அவுத்து வச்சாங்க. மழை ஓஞ்ச நாளு ஏகாம்பரம் சீரு வண்டியோட இதே எடத்துக்கு வந்து நின்னு கேட்டாராம், "தங்கச்சி, போதுமா?" பூங்காவனம் சித்தேரிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்து, "போதும்ணா"ன்னா. அவரே கையால பலகை போட்டாரு. நடு வாயிலதான் கடைசிப் பலகை.

அன்னிக்குப் புடிச்சி இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டு கல்லுக்கும் நடுவுல இருக்கறதுக்குப் பூங்காவனம் வாயின்னு பேரு. வருஷா வருஷம் மழை ஓயறப்ப மேல்நொச்சிக்காரங்க மஞ்சப் பொடவை, வளையலு, வெல்லம் எல்லாம் எடுத்துகினு வருவாங்க. எங்க ஊருல வாக்கப்பட்ட ஒரு பொம்பள வெத்தலைத் தட்டோட நிப்பா. அவங்க "போதுமா"ன்னு கேப்பாங்க. அவ சொன்னாத்தான் பலகை வுழும். சொல்லலன்னா வுழாது. அதிகாரி வந்து சொன்னாலும் வுழாது. உங்க சங்கத்துலருந்து மனு குடுத்திருக்கீங்களாமே, ஏரி தளும்பத் தளும்ப இருந்தா பால்கனியிலருந்து பாக்க நல்லா இருக்கும், படகு வுடலாம்னு? மனுவுக்கும் வுழாது.

இந்த வருஷம் அந்தப் பொம்பள யாருன்னு கேக்க மாட்டீங்களா? நான்தான்.

காலையில சித்தேரியப் போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன். இத்தினி மழை பேஞ்சும் பாதிதான் இருக்குது. இங்கருந்து தண்ணி போவுது, அங்க போயி சேரல. ஏன்னு கால்வாயோடவே நடந்து பாத்தேன். உங்க சுத்துச் சுவரு பின்னால கால்வாய் முக்காவாசி தூந்து கெடக்குது. செங்கல்லு, சிமெண்ட்டு கட்டி, ஒடஞ்ச டைல்சு. கட்டறப்ப கொட்டுனது, அப்படியே கெடக்குது. தண்ணி முட்டிகினு திரும்பி உங்க வாசலுக்குத்தான் வருது. போன மாசம் காரு ஏன் மெதந்துச்சுன்னு நெனைச்சீங்க? ஏகாம்பரம் முன்னால அடைச்சாரு, நீங்க பின்னால அடைச்சிருக்கீங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

தோ, மேளம் வந்துடுச்சு. தள்ளி நில்லுங்க, வழி வுடுங்க. முன்னால தட்டத் தூக்கிகினு வர்றவரு ஏகாம்பரம் வம்சம். அவரு கேக்கறது காதுல வுழுதா?

"தங்கச்சி, போதுமா?"

"போதலண்ணா! பலகைய எடுத்துகினு போங்க. பொடவைய மட்டும் குடுங்க."

இன்னா சார் அப்படிப் பாக்கறீங்க? சொல்ல மாட்டேன். சித்தேரி ரொம்பற வரைக்கும் சொல்ல மாட்டேன். மழை இன்னும் ரெண்டு நாளு இருக்குதுன்னு ரேடியோவுல சொல்றான். மம்பட்டி இருக்குதா உங்ககிட்ட? இல்லன்னா வாங்க, எங்க வூட்டுல இருக்குது, தர்றேன்.